ஓடாத குழியின் முதலாளி

அவரை எல்லோரும் குழிக்காரர் என்றுதான் சொல்வார்கள். விழிதியூரில் அவருக்கு ஒரு சவுடுக் குழி இருந்தது. எங்கள் பக்கம் யார் வீடு கட்டினாலும் முதலில் மனையை மேடாக்க வேண்டும். அதற்குச் சவுடு மண் வேண்டும். நிலம் அவருடையது; மண் வெட்ட அரசாங்கத்திடம் குத்தகை அனுமதி வாங்கி, வரி கட்டி, மண் வெட்டி விற்பது அவர் தொழில்.

நான் நாகூர் போகும் சாலையில் ஓர் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். திரையில் எண் வரும். சீட்டு அடித்து ஜன்னல் வழியே கொடுப்பேன். என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், மகன் சென்னையில் விடுதியில் படிக்கிறான். காலையில் கோட்டுச்சேரியில் பஸ் ஏறி வந்து அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஜன்னலுக்குள் நீளும் கைகளைத்தான் பார்ப்பேன். முகங்கள் மேலே, லாரியின் உயரத்தில் இருக்கும்.

குழிக்காரர் ஒருவர்தான் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

"எப்படிண்ணே போவுது?" என்று கேட்பேன்.

"ஓடுது தங்கச்சி. நல்லாவே ஓடுது."

எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வேறு பதில் வந்ததில்லை. இல்லை, முடியவில்லை, சரியில்லை என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது.

ஒருநாள் வீடு கட்டும் ஒருவர் என் அறையிலேயே வந்து நின்றுகொண்டார். மறுநாள் அவர் வீட்டுக்கு அஸ்திவாரம் போட வேண்டும், மண் வரவில்லை. குழிக்காரரும் அங்கேதான் இருந்தார். அப்போது அவருடைய ஓட்டுநர் போன் செய்தான். வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது, அசையவில்லை என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. குழிக்காரர் நிதானமாக, "சரிடா, பாத்து வா" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு வீடு கட்டுபவரைப் பார்த்து, "ரோட்டுக்கு ஏறிட்டானாம்ங்க. நீங்க வீட்டுக்குப் போயிக்கிட்டே இருங்க, வண்டி பின்னாடியே வந்துடும்" என்றார்.

அந்த மனிதர் போனதும் குழிக்காரர் எழுந்து ஓடினார். நடக்கவில்லை, உண்மையாகவே ஓடினார். எங்கேயோ போய் ஒரு டிராக்டரைப் பிடித்து, சங்கிலி போட்டு இழுத்து, தானும் சேற்றில் இறங்கித் தள்ளியிருக்கிறார். சாயங்காலம் லாரி எடைக்கு வந்தபோது அதன் பின்னாலேயே மொபெட்டில் வந்தார். மார்பு வரைக்கும் சேறு. முகத்தை மட்டும் கழுவித் தலைவாரியிருந்தார்.

"சொன்ன மாதிரி வந்துடுச்சு பாத்தீங்களா" என்றார்.

அவர் சொல்வது பொய்தான். ஆனால் சொல்லிவிட்டு அதை மெய்யாக்க அவர் ஓடுவதைப் பார்த்திருப்பதால் எனக்கு அவரைப் பொய்யர் என்று நினைக்கத் தோன்றவில்லை.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"தங்கச்சி, நம்ம தொழில்ல நொடிஞ்சிட்டான்னு ஒருத்தன் சொல்லிட்டா போதும். பங்க்ல டீசல் குடுக்க மாட்டான். டிரைவர் வேற வண்டிக்குப் போயிடுவான். மண்ணு சொன்னவன் முன்பணத்தைத் திருப்பிக் கேப்பான். ஓடுதுன்னு சொல்லிக்கிட்டிருக்கிற வரைக்கும் ஓடும்."

தொழிலுக்காகப் பழகிய பேச்சு வீட்டுக்குள்ளும் போய்விட்டது என்பது அவர் மனைவி விஷயத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். அவரிடம் விசாரித்தேன்.

"ஒண்ணும் இல்ல. தேறிக்கிட்டு வருது. கஞ்சி குடிக்கிறா."

அடுத்த வாரமும் கேட்டேன். "இப்ப நல்லா எழுந்து உக்காருறா" என்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் வரும்போது மாதா கோயில் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். அந்த அம்மாவின் படம். அதற்குக் கீழே அவர் பெயரும், பிரான்சில் இருக்கும் மகளின் பெயரும்.

அடக்கத்துக்குப் போனேன். மகளால் விமானம் பிடித்து அடக்கத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. அவளிடமும் தேறிக்கொண்டு வருகிறாள் என்றே கடைசி வரை சொல்லியிருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் அவள் அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். அவர் வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் பிரான்சுக்குத் திரும்பும்போது அவரையும் கூப்பிட்டிருக்கிறாள். "இங்க தொழில் இருக்கிற இருப்புல எப்படி வர்றது? ஒரு நாள் நான் இல்லைன்னா குழி நின்னுடும்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த வருஷம்தான் குழி நின்றது.

பெருமழையில் குழி முழுக்கத் தண்ணீர். மழை விட்ட பிறகும் வடியவில்லை. அடியிலிருந்து ஊறியது, அதுவும் உப்புத் தண்ணீர். இன்ஜின் வைத்து இறைத்து வாய்க்காலில் விட்டார். பக்கத்து வயல்காரர்கள் வந்து தடுத்துவிட்டார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் கருகிப்போகும். இறைக்க வழியில்லாமல் குழி குளமாகிவிட்டது.

மண் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குத்தகை இருக்கும் வரை குழிக்கு ஆண்டு வரி உண்டு. அதைக் கட்டாவிட்டால் மண்ணை ஏற்றிப்போக வண்டிக்கு வேண்டிய நடைச்சீட்டு தர மாட்டார்கள். பாக்கி ஏறிக்கொண்டே போனால் நிலத்தை ஜப்தி செய்துவிடுவார்கள். அவருக்கு இருந்தது அந்த நிலம் ஒன்றுதான்.

லாரி வருவது நின்றது. அவர் வருவது நிற்கவில்லை. எடை போட ஒன்றும் இல்லாமலே தினமும் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் மொபெட் காணாமல் போய் சைக்கிளில் வர ஆரம்பித்தார்.

"வண்டி எங்கண்ணே?"

"சர்வீசுக்கு விட்டிருக்கேன். சைக்கிளும் நல்லாத்தான் இருக்கு. உடம்புக்கு நல்லது."

பிறகு நான் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "நான் இப்பதான் சாப்பிட்டேன்" என்று எழுந்து வெளியே போய் நிற்பார். அதனால் இட்லியை மூடியில் எடுத்து வைத்து, "எங்க வீட்டு சட்னி எப்படி இருக்குன்னு சொல்லுங்கண்ணே" என்பேன். அப்படிக் கேட்டால் சாப்பிடுவார்.

அவரைப் போலவே தண்ணீர் நின்ற குழிக்காரர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். மழையால் தொழில் படுத்துவிட்ட குழிகளுக்கு வரியைத் தள்ளுபடி செய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். இவரும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். முகம் சரியில்லை.

"முடங்கிப்போன குழிகள்னு எழுதிருக்கானுவ தங்கச்சி. முடங்குறதுன்னா என்ன? கை கால் வராம கெடக்குறதுதான?"

"அப்படி எழுதுனாத்தானண்ணே தள்ளுபடி கெடைக்கும்?"

"அது சரிதான். தற்சமயம் தேங்கி நிக்குதுன்னு எழுதிருக்கலாம்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கிராம்பைக் கடித்துக்கொண்டு வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தலைநகரான பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி ஒவ்வொரு குழியாக வந்து பார்ப்பார், ஓடவில்லை என்று உறுதியானால்தான் தள்ளுபடி என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு முற்பகலில் ஒரு ஜீப் எடை மேடையின் முன் நின்றது. முப்பத்தைந்து வயதுப் பெண் அதிகாரி. விழிதியூர்க் குழி மண் எல்லாம் இங்கேதான் எடை போடுவார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்க கொஞ்சம் கூட வாங்க. சாட்சிக்கு உள்ளூர் ஆள் ஒருத்தர் வேணும்" என்றார். அறையைப் பூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

அந்தக் குழியை நான் அதுவரை பார்த்ததில்லை. போகும்போதே சத்தம் கேட்டது. அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். வளைவு திரும்பியதும் தெரிந்தது. குழிக் கரையில் ஒரு பொக்லைன் நின்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. ஒரு டிப்பர் லாரி பாதி நிறைந்து நின்றது. கீழே பெரிய குழி நிறையப் பச்சைத் தண்ணீர். அதில் கொக்குகள். கரையின் காய்ந்த விளிம்பில் மட்டும் எந்திரம் சுரண்டிக்கொண்டிருந்தது. குழிக்காரர் வெள்ளைச் சட்டையில், குடை பிடித்து நின்று, ஓட்டுநருக்குக் கையைக் காட்டி இப்படி அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குழி ஓடவில்லை என்று பார்க்க வருகிறவருக்கு, குழி ஓடுவதாகக் காட்ட எந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அதிகாரி இறங்கி எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஐயா, குழி ஓடலைன்னுதானே மனு குடுத்திருக்கீங்க?"

"ஆமாங்கம்மா."

"இது என்ன?"

"இது ஓடுதுங்க."

பொக்லைன்காரன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்ப உங்களுக்குத் தள்ளுபடி வேணாமா?"

குழிக்காரர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வேணும்ங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் டல்லு. அவ்வளவுதான். வந்து பாக்குறவங்க ஒரேயடியா செத்த குழின்னு நினைச்சிடக் கூடாதுல்ல" என்றார்.

"ஐயா, உங்களுக்கு நடைச்சீட்டு நிறுத்தி ஒரு வருஷம் ஆவுது. சீட்டு இல்லாம மண் வெட்டுறது என்ன குத்தம்னு உங்களுக்குத் தெரியும். தள்ளுபடியை விடுங்க, நான் இப்ப வழக்குப் போடணும். வண்டி ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போகணும்."

பொக்லைன்காரனின் சிரிப்பு போய்விட்டது. "மேடம், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இவருதான் கூப்பிட்டாரு" என்று இறங்கி வந்தான். குழிக்காரர் அப்போதும் நிமிர்ந்துதான் நின்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இங்கேருந்து லாரி வருதா?"

குழிக்காரர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதே என்று அந்தக் கண்கள் சொல்லவில்லை. ஓடுகிறது என்று சொல் என்று கேட்டன. நான் அப்படிச் சொன்னால் நிலம் போகும்.

"வரலைங்க மேடம்" என்றேன். "மழைக்கு அப்புறம் ஒரு லாரி கூட வரல. அவருக்குச் சொந்த வண்டியே இப்ப இல்ல. மொபெட்டையும் வித்துட்டாரு. மத்தியானம் சாப்பாடு கெடையாது. இந்த மிஷினை நீங்க வர்றீங்கன்னு கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. இவரு மண்ணு திருடுற ஆளு இல்லைங்க. குழி செத்துப் போச்சுன்னு இவரால சொல்ல முடியல, அதான்."

குழிக்காரர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்.

அதிகாரி நல்லவர். கரையோரம் நடந்து போய் வெட்டிய தடத்தைப் பார்த்தார். புதுத் தடம், அன்றைக்குக் காலையில் வெட்டியது. பழைய பாதையில் புல் முழங்கால் உயரம் இருந்தது. திரும்பி வந்து டிப்பர் ஓட்டுநரிடம், "அந்த மண்ணை அங்கேயே கொட்டு. கொட்டிட்டு ரெண்டு வண்டியும் இப்பவே கிளம்பணும்" என்றார்.

டிப்பர் தொட்டி மெல்ல உயர்ந்தது. மண் சரிந்து கரையில் விழுந்தது. பாதி குழிக்குள் உருண்டு தண்ணீரில் போனது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. அது எல்லாம் கொட்டி முடியும் வரை அவர் குடையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நான் சொன்னதை எழுதி, அதற்குக் கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஜீப்பில் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அவரிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

தள்ளுபடி கிடைத்தது. நிலம் தப்பியது. மற்றவர்களுக்கும் கிடைத்தது, அவர்கள் என் ஜன்னலுக்கு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் வரவில்லை. நாற்காலியை நான் மடக்கி வைக்கவில்லை. இரண்டு மாதம் அது அப்படியே கிடந்தது. மத்தியானம் டப்பாவின் மூடியை எடுக்கும்போதெல்லாம் ரோட்டைப் பார்ப்பேன்.

பிறகு ஒருநாள், நல்ல மழை, லாரி ஒன்றும் இல்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். சட்டை இஸ்திரி போடாமல் இருந்தது. உட்கார்ந்தார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

"அவ கஞ்சி குடிக்கல தங்கச்சி. கடைசி ஒரு மாசம் ஒண்ணும் இறங்கல. வலி தாங்காம என் கையைக் கடிப்பா. மகளைக் கூப்பிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ரெண்டு நாள் போவட்டும், நீ தேறிடுவேன்னு சொல்லிட்டேன்."

மழை நிற்கும் வரை பேசினார். இன்ஜின் எரிந்துபோனது, ஓட்டுநர் சொல்லாமலே போய்விட்டது, ராத்திரியில் ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி வைப்பது, மகளிடம் பேசும்போது முகம் தெரியக் கூடாதென்று வீடியோவை அணைத்துவிடுவது. எல்லாம் சொன்னார்.

எழுந்து போகும்போது, "மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. போறேன்" என்றார். "வேற யார்கிட்டயும் இதைச் சொல்லாதீங்க."

போனார். பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர், நான்காவது மாடி. அங்கிருந்து எனக்குப் போன் செய்வார். அவருக்குக் காலை, எனக்கு மத்தியானம், மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருப்பார்கள். என்னிடம் மட்டும் அவர் ஒன்றையும் மறைப்பதில்லை.

"பேச ஆளு இல்ல தங்கச்சி. லிஃப்ட்ல ஒருத்தன் வருவான், குட் மார்னிங் மாதிரி அவன் பாஷையில ஒண்ணு சொல்லுவான், நானும் தலையை ஆட்டுவேன். அதோட அன்னிக்குப் பேச்சு முடிஞ்சுது. பேத்திக்குத் தமிழ் வரல. பூசைக்குப் போனா எப்ப எழுந்து நிக்கிறது, எப்ப முட்டி போடுறதுன்னு முன்னாடி நிக்கிறவங்களைப் பாத்துதான் செய்யிறேன். ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கேன்."

"மககிட்ட சொல்லுங்கண்ணே. ஊருக்குப் போறேன்னு சொல்லுங்க."

"அவ பாவம். காலையில போயி ராத்திரி வர்றா. அவகிட்ட எப்படிச் சொல்றது?"

ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் ஏதோ கேட்டாள். அவர் குரல் அந்த நொடியே மாறியது. "எனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கேன்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

போன மாதம் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்து, "சொல்லுங்கண்ணே" என்றேன். பெண் குரல்.

"அத்தை, நான் அவங்க மக பேசுறேன்."

அதுவரை அவள் என்னிடம் பேசியதில்லை. அத்தை என்று என்னைக் கூப்பிட எனக்கு அண்ணன் பிள்ளைகளும் கிடையாது. அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா போயிட்டாங்க அத்தை. தூக்கத்துலயே. இங்கயே அடக்கம் பண்ணிட்டோம். அவங்க போன்ல உங்க நம்பர்தான் அதிகமா இருந்துச்சு. அதான் சொல்லணும்னு."

நான் அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். அம்மா விஷயத்துல அப்பா எனக்கு உண்மையைச் சொல்லல. அதுக்கப்புறம் அவங்க எது சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான். இங்க வந்து நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நிஜமா நல்லாத்தான் இருந்தாங்களா? உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

ஜன்னலோரம், லிஃப்டில் தலையாட்டுவது, யாரையோ பார்த்து முட்டி போடுவது எல்லாம் என் கண் முன்னால் நின்றன. இவளிடம் சொல்ல அவருக்கு மனம் வராததை எல்லாம் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"சொன்னாரும்மா" என்றேன். "போன வாரம் கூட உன்னைப் பத்தித்தான் பேசுனாரு. மக வேலைக்குப் போயிட்டு வந்து எனக்குன்னு சூடா சமைச்சுப் போடுறா, பேத்தி மடியிலேர்ந்து எறங்க மாட்டேங்குறா, முன்னாடியே வந்திருக்கலாம்னு சொன்னாரு. இங்க இருந்ததை விட அங்க சந்தோஷமாத்தான் இருந்தாரு."

"நிஜமாவா அத்தை?"

"நிஜமாத்தான். நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

அவள் அழ ஆரம்பித்தாள். அதுவரை அழவே இல்லை போலிருக்கிறது, அப்படி அழுதாள். வெளியே ஒரு டிப்பர் மேடையில் ஏறி நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநரிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் அழுது முடியும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.